ஐந்து நாள் கருவும் அரசுப் பணமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே, அயப்பாக்கம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அமைந்துள்ளது. அவ்வழியே செல்லும் நம்மவர்களில் பலருக்கு அது ஓர் அரசு அலுவலகம், அவ்வளவே. ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் களப்பிரிவும் சென்னையில் இயங்கிய மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் 1999-இல் ஒன்றாக்கப்பட்டுப் பிறந்த நிறுவனம் அது. அதன் தாய் அமைப்பு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎம்ஆர். மனிதக் கருவிலிருந்து எடுக்கப்படும் உயிரணுக்களைக் கொண்டு இந்நாட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று நெறிமுறை வகுத்ததும் இதே ஐசிஎம்ஆர்தான்.

இது நமக்குத் தொலைவான விவகாரம் அன்று. குழந்தைப் பேறு வேண்டிச் சோதனைக்குழாய் முறையில் சிகிச்சை பெறும் தம்பதியர் நம் மஹல்லாக்களிலும் உள்ளனர். அச்சிகிச்சையில் பல முட்டைகள் கருவுறச் செய்யப்படுகின்றன. ஒன்றோ இரண்டோ கருப்பையில் வைக்கப்படுகின்றன. எஞ்சியவை உறைநிலையில் காத்திருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி ஒருநாள் ஒரு படிவமாக வந்து கணவன் மனைவியின் முன் நிற்கும். அப்போதுதான் பள்ளிவாசல் இமாமைத் தேடிச் செல்கிறோம். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஏறக்குறைய கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதில் அறிவியலைப் போலவே பணமும், குறிப்பாக அரசின் பணமும், பெரும் பங்கு வகித்திருக்கிறது.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கருவுற்ற முட்டை ஐந்து அல்லது ஆறு நாள்களில் நூறு, நூற்றைம்பது உயிரணுக்கள் கொண்ட ஒரு நுண்ணிய பந்தாகிறது. அதன் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறு திரளிலிருந்துதான் பின்னாளில் எலும்பும் இரத்தமும் நரம்பும் இதயமும் உருவாகும். அத்திரளைப் பிரித்தெடுத்து வளர்த்தால் எவ்வகை உயிரணுவாகவும் மாறவல்ல அணுக்கள் கிடைக்கின்றன. அவற்றைக் கருநிலைக் குருத்தணு, வழக்கில் ஸ்டெம் செல், என்கிறோம். ஆனால் அவற்றை எடுத்தபின் அந்தக் கரு கருவாக நிலைப்பதில்லை. சிக்கலின் வேர் அங்கேதான்.

1998 நவம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து இத்தகைய அணுக்களைப் பிரித்து வளர்த்ததை அறிவித்தார். மனிதக் கருவை அழிக்கும் ஆய்வுக்கு மத்திய அரசின் நிதியைச் செலவிடலாகாது என்ற சட்டப் பிரிவு அங்கே 1996 முதல் ஆண்டுதோறும் நிதிச் சட்டத்துடன் இணைக்கப்பட்டு வந்தது. எனவே அரசு நிதியில் இயங்கும் தமது ஆய்வகத்தில் அவர் இப்பணியைச் செய்ய இயலவில்லை. தனி அறை, தனிக் கருவிகள், ஜெரான் என்ற தனியார் நிறுவனத்தின் பணம் என்று ஏற்பாடு செய்துகொண்டே செய்தார். அச்சட்டம் ஆய்வைத் தடை செய்யவில்லை. அரசின் பணப்பையை மட்டும் மூடியது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

2001 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் தொலைக்காட்சியில் தோன்றி, அந்த நாளுக்கு முன்பே உருவாக்கப்பட்டுவிட்ட உயிரணு வரிசைகளின் மீதான ஆய்வுக்கு மட்டுமே அரசு நிதி வழங்கப்படும் என்றார். புதிதாக ஒரு கருவையும் அழிக்க அரசுப் பணம் ஊக்கம் தரலாகாது என்பது அவர் வாதம். அம்மாத இறுதியில் தகுதி பெற்ற 64 வரிசைகளின் பட்டியல் வெளியாயிற்று. உலகெங்கும் பத்து நிறுவனங்களிடம் அவை இருந்தன. அப்பத்தில் இரண்டு இந்தியாவைச் சேர்ந்தவை: மும்பையின் ரிலையன்ஸ் லைஃப் சயின்சஸ் 7 வரிசைகளையும், பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் 3 வரிசைகளையும் வைத்திருந்தன. பட்டியலில் இருந்த பலவும் வெறும் கணக்காகவே நின்றுவிட்டன. ஆய்வாளர் கைகளுக்கு உண்மையில் வந்து சேர்ந்தவை இருபதைச் சற்றே கடந்தன. இந்திய வரிசைகள் அவற்றில் இல்லை.

அமெரிக்காவின் பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலிஃபோர்னியா மாநில வாக்காளர்கள் 2004-இல் 300 கோடி டாலர் மாநில நிதிக்கு ஒப்புதல் அளித்தனர். நாடாளுமன்றம் நிறைவேற்றிய தளர்வுச் சட்டத்தை 2006-இலும் 2007-இலும் புஷ் நிராகரித்தார். 2009 மார்ச்சில் ஒபாமா கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். 2010-இல் ஜெரான் நிறுவனம் தண்டுவடக் காயமுற்றோரிடம் முதல் மருத்துவச் சோதனையைத் தொடங்கி, மறு ஆண்டே நிதிக் காரணம் கூறி நிறுத்திக்கொண்டது. சோதனைக்கு உடலைத் தந்தவர்களின் நம்பிக்கை ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தோடு கட்டுண்டு கிடந்தது. அரசு விலகி நின்றால் அறம் காக்கப்பட்டுவிடும் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும்.

இந்தியாவின் கதை வேறு. இங்கே கருவின் உரிமை குறித்த அரசியல் போராட்டம் எதுவும் எழவில்லை. எழுந்தது வேறொன்று: கேட்பாரற்ற நிலை.

அரசும் மனித உடல்மீதான ஆய்வும் சந்திப்பது நம் பகுதிக்குப் புதிதன்று. 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னைக்கு மேற்கே உள்ள கிராமங்களிலும் சிறு நகரங்களிலும், ஐசிஎம்ஆர் உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியைச் சோதித்தது. ஏறத்தாழ 2,60,000 பேருக்குத் தடுப்பூசியோ அதைப் போன்ற வெற்று ஊசியோ போடப்பட்டது. வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. உலகமே எதிர்பாராத, பலருக்கும் உவப்பில்லாத முடிவு அது. ஆயினும் அது மறைக்கப்படவில்லை. 1980 வாக்கில் வெளியிடப்பட்டு உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. இன்றைய அளவுகோலின்படி அந்தக் கிராம மக்களிடம் ஒப்புதல் எவ்வளவு விளக்கத்துடன் பெறப்பட்டிருக்கும் என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் பொதுப் பணத்தில் நடந்த ஆய்வு என்பதாலேயே அக்கேள்வியை இன்றும் கேட்க முடிகிறது. கணக்கும் பதிவும் இருக்கின்றன.

அரசு எப்போதும் நல்ல காவலன் என்று இதற்குப் பொருளல்ல. 1978 அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் சோதனைக்குழாய் முறையில் ஒரு பெண் குழந்தை பிறக்கச் செய்தார். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. அவர் தமது துறைக்குத் தொடர்பற்ற கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். 1981-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986-இல் மும்பையில் ஐசிஎம்ஆர் நிறுவனத்தின் ஆய்வாளர் டி.சி. ஆனந்தகுமாரும் மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும் பிறக்கச் செய்த குழந்தையே இந்தியாவின் முதல் குழந்தை என்று நெடுங்காலம் கூறப்பட்டது. முகோபாத்யாயின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்த அதே ஆனந்தகுமார், முதலிடம் அவருக்கே உரியது என்று 1997-இல் எழுதினார். தமக்குரிய புகழைத் தாமே எடுத்து இறந்தவருக்குக் கொடுத்த அந்த நேர்மையை நாம் மிக உயர்வாக மதிக்கிறோம்.

சென்னையில் 1990-இல் டாக்டர் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதன்பின் கருத்தரிப்பு மையங்கள் பெருகின. இன்று நம் புறநகர்ச் சாலைகளிலும் அவற்றின் விளம்பரப் பலகைகள் நிற்கின்றன. மையங்கள் பெருகியபோது உறைந்த கருக்களும் பெருகின. சட்டமோ 2021 வரை வரவில்லை. இடைப்பட்ட காலத்தில், 2005 வாக்கில், தலைநகர் டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனை கருநிலைக் குருத்தணுக்களை நேரடியாக நோயாளிகளுக்கு ஊசி வழியே செலுத்திவருவது பன்னாட்டு ஏடுகளில் செய்தியாயிற்று. முறையான சோதனை முடிவுகள் எவையும் அப்போது வெளியிடப்பட்டிருக்கவில்லை. வெளிநாட்டினர் பெரும்பணம் செலுத்தி வந்து சென்றனர். அமெரிக்காவில் மனிதரிடம் சோதனையே தொடங்கியிராத காலத்தில் இங்கே மனிதருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்நிலையில்தான் 2007-இல் ஐசிஎம்ஆரும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இணைந்து நெறிமுறைகளை வெளியிட்டன. கருவைப் பதினான்கு நாள்களுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்த்தலாகாது. சிகிச்சையில் எஞ்சிய கருவைத் தம்பதியரின் ஒப்புதலோடும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் மட்டுமே பயன்படுத்தலாம். ஆய்வுக்கென்றே கருவை உருவாக்குவது கடும் கட்டுப்பாட்டுக்கு உரியது. மனிதனை நகலெடுத்துப் பிறக்கச் செய்வது முற்றாக விலக்கப்பட்டது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் ஆய்வாளரும் ஒருவராக இருத்தல் கூடாது என்ற விதி மிக நுட்பமானது. குழந்தைக்காக ஏங்கி நிற்கும் பெண், தன் மருத்துவர் கேட்டால் எதையும் மறுக்க மாட்டாள் என்பதை அறிந்தவர்கள் எழுதியது. 2013-இல் திருத்தப்பட்டபோது நெறிமுறையின் தலைப்பிலிருந்து சிகிச்சை என்ற சொல்லே நீக்கப்பட்டது. நிரூபிக்கப்படாத ஒன்றைச் சிகிச்சை என்று விற்பதற்கு அச்சொல் துணைபோய்விடும் என்ற அச்சமே காரணம். 2017-இல் மீண்டும் திருத்தம் வந்தது. ஆனால் இவையெல்லாம் நெறிமுறைகளே. அரசு நிதி பெறும் ஆய்வகத்தை அவை கட்டுப்படுத்தும். நிதி நின்றுவிடும் என்ற அச்சம் அங்கே உண்டு. அரசிடம் ஒரு ரூபாயும் பெறாதவரை அவை எப்படிக் கட்டுப்படுத்தும்?

அரசு நிதியில் இயங்கும் ஆய்வகம் எவ்வாறு நடந்துகொண்டது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. பெங்களூரின் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் மனீஷா இனாம்தாரின் குழு 2009-இல் இரண்டு கருநிலை உயிரணு வரிசைகளை அறிவித்தது. தரம் குறைந்தவை என்று சிகிச்சைக்கு ஏற்காமல் ஒதுக்கப்பட்ட கருக்களிலிருந்து, தம்பதியரின் ஒப்புதலுடன், அவை உருவாக்கப்பட்டன. கருப்பையில் வைக்கப்பட வாய்ப்பே இல்லாதவை அவை. பிற ஆய்வாளர்களும் பயன்படுத்துமாறு அவ்வரிசைகள் பிரிட்டனின் குருத்தணு வங்கியில் வைக்கப்பட்டன.

இனி மார்க்க அறிஞர்களின் விவாதத்துக்கு வருவோம்.

தாயின் வயிற்றில் மனிதன் படிப்படியாகப் படைக்கப்படுவதை அல்லாஹ் திருக்குர்ஆனின் 23-ஆம் அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறான். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் புகழ்பெற்ற நபிமொழியின் அடிப்படையில் 120 நாள்களுக்குப் பின்பே ரூஹ் ஊதப்படுகிறது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. முஸ்லிம் நூலில் ஹுதைஃபா இப்னு அஸீத் (ரலி) வழியாக வரும் அறிவிப்பு 42 இரவுகளைக் குறிப்பிடுவதால், நாற்பது நாள்களையே எல்லையாகக் கொள்வோரும் உண்டு. எக்கணக்கின்படியும் ஐந்து நாள் கரு ரூஹ் ஊதப்படாத நிலையிலேயே இருக்கிறது. அதனால் அது வெறும் பொருளாகிவிடுமா என்றால், இல்லை. வயிற்றிலிருக்கும் சிசுவுக்காக வாரிசுப் பங்கை நிறுத்திவைக்கும் மார்க்கம் இது. அதைச் சிதைத்தவன்மீது இழப்பீடு விதிக்கும் மார்க்கம் இது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் இதை ஆழமாக ஆராய்கிறார். வணிக ஒப்பந்தத்தில் ஒருவர் முன்மொழிவதும் மற்றவர் ஏற்பதும் சேர்ந்த பின்பே ஒப்பந்தம் உருவாவதுபோல, ஆணின் நீரும் பெண்ணின் நீரும் கலந்து கருப்பையில் தங்கிய பின்பே உயிரின் தொடக்க நிலை உருவாகிறது என்கிறார். அதன்பின் அதைக் கலைப்பது குற்றம்; வளர்ச்சி கூடக்கூடக் குற்றமும் கடுமையாகிறது. ஹிஜ்ரி 505-இல் மறைந்த அவருக்குக் கண்ணாடித் தட்டில் வளரும் கரு தெரிந்திருக்க நியாயமில்லை. அது கலந்துவிட்டது, ஆனால் கருப்பையில் தங்கவில்லை. அவர் கூறிய இரு நிபந்தனைகளில் ஒன்று மட்டும் நிறைவேறியிருக்கிறது. இக்கால அறிஞர்களின் கருத்து வேறுபாடு முழுவதும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது என்று சொல்லலாம்.

ஜித்தாவின் பன்னாட்டு ஃபிக்ஹு அகாதமி 1990 மார்ச்சில் கூடியபோது, ஒவ்வொரு முறையும் கருப்பையில் வைப்பதற்குத் தேவையான எண்ணிக்கையில் மட்டுமே முட்டைகளைக் கருவுறச் செய்ய வேண்டும் என்றது. அதையும் மீறி எஞ்சினால், மருத்துவப் பராமரிப்பின்றி இயல்பாக அழிய விட்டுவிட வேண்டும் என்றது. அன்று குருத்தணு ஆய்வு பிறந்திருக்கவில்லை. மக்காவின் ராபிதா அமைப்பைச் சார்ந்த ஃபிக்ஹு மன்றம் 2003 டிசம்பரில் கூடியபோது கேள்வி மாறியிருந்தது. எப்படியும் அழியப்போகும் கருவிலிருந்து நோயாளிக்குப் பயன் கிடைக்குமாயின் என்ன என்பதே அக்கேள்வி. பெற்றோர் மனமுவந்து வழங்கினால் எஞ்சிய கருக்களைப் பயன்படுத்தலாம் என்றும், முறையற்ற கர்ப்பத்துக்கு அவை பயன்படாது என்ற உறுதி வேண்டும் என்றும் மன்றம் கூறியது. ஆய்வுக்கென்றே கருவை உருவாக்குவதை விலக்கியது. ஷீஆ நாடான ஈரானில் 2002-இல் கிடைத்த அனுமதியைத் தொடர்ந்து, மறு ஆண்டே தெஹ்ரானின் ரோயான் நிறுவனம் தன் முதல் கருநிலை வரிசையை உருவாக்கியது.

நம் பகுதியின் பள்ளிவாசல்களில் காயல்பட்டினம், கீழக்கரை வழிவந்த ஷாஃபிஈகளும் வேலூர், ஆம்பூர் வழிவந்த ஹனஃபிகளும் ஒரே வரிசையில் தொழுகிறார்கள். கருவின் ஆரம்ப நாள்கள் குறித்து இரு மத்ஹபுகளின் நூல்களும் ஒரே சொல்லைச் சொல்லவில்லை. ஷாஃபிஈ மத்ஹபுக்குள்ளேயே முதல் நாற்பது நாள்கள் பற்றி இரு கருத்துகள் உண்டு. ஆகவே ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆலிம் கூறிய விடை மற்றொரு குடும்பத்துக்கு வேறாக இருப்பதில் வியப்பில்லை. நாம் ஃபத்வா வழங்குவோர் அல்லர். எனினும் எந்தத் தரப்பும் மாறுபடாத சில செய்திகள் உண்டு: கரு விற்பனைப் பொருளன்று, ஒரு தம்பதியரின் கரு வேறொருத்தியின் வயிற்றில் வைக்கப்பட்டு நஸபு குலைதல் கூடாது என்பது நம் சுன்னி உலமாக்களின் பொதுவான நிலை, கொடுப்பவர் அறிந்து, விரும்பிக் கொடுக்க வேண்டும்.

இம்மூன்றையும் கண்காணிப்பவர் யார்? மருத்துவத்தைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிடும் வழக்கம் நம் முன்னோரிடம் இல்லை. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய மன்சூரி மருத்துவமனை வக்ஃபு வருவாயில் இயங்கியது. இரத்தம் நுரையீரல் வழியே செல்வதை விளக்கிய இப்னு நஃபீஸ் தம் வீட்டையும் நூலகத்தையும் அதற்கே எழுதிவைத்தார். கடைவீதியின் எடைக்கல்லைச் சரிபார்த்த முஹ்தஸிபே மருத்துவர்களையும் மருந்து விற்போரையும் கண்காணித்தார். பொதுப் பணம் வரும்போது கூடவே கேள்வியும் வருகிறது. அதனால்தான், எஞ்சிய கருவை ஆய்வுக்குத் தருவதை ஏற்கும் ஆலிமின் சொல்லைப் பின்பற்றுவோருக்கு, அந்த ஆய்வு அரசின் நிதியிலும் கண்காணிப்பிலும் நடப்பதே அமானிதத்துக்கு நெருக்கமானது என்று நாம் கருதுகிறோம். ஏற்காதோரின் வரிப்பணமும் அதில் கலந்திருக்கிறதே என்ற ஆட்சேபம் நியாயமானதே. அமெரிக்கக் கிறித்தவர்களில் பலர் எழுப்பியதும் அதே ஆட்சேபம்தான். அதற்கு முழுமையான விடை நம்மிடம் இல்லை. ஆனால் அரசு கைவிட்ட இடத்தில் கருவுக்குப் பாதுகாப்பு கூடவில்லை என்பதை டெல்லியும் விஸ்கான்சினும் காட்டுகின்றன.

கருவைத் தொடாமலே பெரும்பயன் தரும் ஆய்வும் நம் மாநிலத்திலேயே நடக்கிறது. ஜப்பானின் ஷின்யா யமனாக்கா 2006-இல் எலியின் தோலணுக்களையும் 2007-இல் மனிதத் தோலணுக்களையும் குருத்தணுக்களைப் போல் மாற்றிக் காட்டி 2012-இல் நோபல் பரிசு பெற்றதை அறிவோம். வேலூர் சிஎம்சி வளாகத்தில் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் இயங்கும் குருத்தணு ஆய்வு மையம், ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவரின் சொந்த இரத்தக் குருத்தணுக்களையே எடுத்து, தேவையான மரபணுவைச் சேர்த்து மீண்டும் செலுத்தியது. அதன் முடிவுகள் 2024-இல் வெளியாயின. அரசுப் பணம், நோயாளியின் ஒப்புதல், வெளிப்படையான முடிவு; ஒரு கருவும் அழிக்கப்படவில்லை. நம் பகுதியிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் சென்றடையும் ஊர் அது.

அதே வேளையில், தனியார் விற்பனை நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. பிரசவத்துக்கு முன்பே தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்துவைக்க மாதத் தவணைத் திட்டத்தோடு முகவர்கள் வருகிறார்கள். குழந்தையின் சொந்தப் பிற்காலத் தேவைக்காக அதைச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்பதே ஐசிஎம்ஆரின் நிலை. தலசீமியா போன்ற மரபுவழி நோயெனில் அக்குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலும் அதே குறை இருக்குமே! ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் குருத்தணு ஊசியை நம்பிக்கையென விற்போரும் உள்ளனர். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைப் பரிந்துரைக்க இயலாது என்று அறிவித்திருக்கிறது. நகையை அடகு வைக்கும் முன் பெற்றோர் இவற்றை அறிந்திருப்பது நல்லது.

இறுதியாக அந்தப் படிவம். செயற்கைக் கருத்தரிப்பு முறைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டு 2022 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி கருவைப் பத்தாண்டுகளுக்கு மேல் சேமித்துவைக்க இயலாது. காலம் முடிந்ததும் அது அழிய விடப்பட வேண்டும். அல்லது தம்பதியரின் ஒப்புதலோடு, சட்டப்படி பதிவுபெற்ற ஆய்வு நிறுவனத்துக்கு வழங்கப்பட வேண்டும். விற்பதற்கும், ஆய்வுக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் தடை உண்டு. சட்டம் கூறும் இவ்விரு வழிகளில் முதலாவது 1990-இன் ஜித்தா தீர்மானத்தையும் இரண்டாவது 2003-இன் மக்கா தீர்மானத்தையும் ஒத்திருப்பது எதிர்பாராத ஒற்றுமை. இவற்றோடு நம் குடும்பங்கள் கேட்டுத் தெளிய வேண்டிய மற்றொன்றும் உண்டு: கணவர் மவ்த்தாகிவிட்டாலோ தலாக் நேர்ந்துவிட்டாலோ, நிகாஹ் இல்லாத நிலையில் அக்கருவைப் பயன்படுத்தலாகாது என்பதே ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு. ஆகவே இதையெல்லாம் சிகிச்சையின் முதல் நாளிலேயே ஆலிமிடமும் மருத்துவரிடமும் பேசிவிடுவது பொருத்தம். எத்தனை முட்டைகளைக் கருவுறச் செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்கும் உரிமையும் அப்போதுதான் பயன்படும்.

சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் மாதங்களில் உறையவைக்கப்பட்ட கருக்களுக்கு அந்தப் பத்தாண்டுக் கெடு 2032-இல் முடிகிறது.